அக்காவுக்கு நான் எழுதிய காதல்

என் அக்காவுக்கு நிச்சயமாக இருந்த கல்யாணத்தை நான் எழுதிய ஒரு சிறுகதையால் கெடுத்தேன். அவளைக் கெடுக்க வேண்டும் என்று எழுதவில்லை, உயர்த்த வேண்டும் என்றுதான் எழுதினேன். அதனால் குற்றம் குறைந்துவிடும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. அக்கா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. கடைசியாகப் படுத்திருந்தபோது, "நான் போனதுக்கப்புறம் வேணும்னா எழுதிக்குங்க. நடந்தது மட்டும் இருக்கோணும்" என்றாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இண்டர்மீடியட் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். பின்னி, சாயம் போட்டு வரும் துணியை நீராவிச் சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி எடுக்கும் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. துணி சுருங்கி உள்ளே போனால் மெஷினை நிறுத்தி, சுருக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். தொழிலாளிகளுக்கு அதைத் தினமும் சொன்னவன் நான். ஒரு நாள் காலையில் அவசரத்தில் நானே ஓடுகிற மெஷினில் வலது கையை நீட்டிச் சுருக்கத்தை நீவினேன். துணியோடு கையும் போனது. மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஓடிவந்து பெல்ட்டைத் தள்ளிவிட்டு, உருளையைக் கையால் பின்னுக்குச் சுற்றி என்னை வெளியே எடுத்தார். அவர் உள்ளங்கையிலும் தோல் உரிந்துபோயிற்று. என் கை மணிக்கட்டுக்குக் கீழே துணியைப் போலவே தட்டையாக இருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே வெட்டி எடுத்தார்கள்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. வீட்டில் அக்காவும் நானும்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போயிருந்தது. இப்போது நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. சீழ் துடைப்பது, கட்டு மாற்றுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, வேட்டி கட்டிவிடுவது எல்லாம் அவள். நான் நல்ல நோயாளி இல்லை. ஒரு நாள் தட்டை உதைத்தேன். சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, "காலு நல்லாத்தான் இருக்குது, அதுக்கு ஒண்ணும் கொறையில்ல" என்று சொல்லி வேறு தட்டில் போட்டு வந்தாள்.

அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பனியனில் நூல் பிசிறுகளை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற வேலை. அங்கே கிழிந்துபோன பெட்டி அட்டைகளைக் கேட்டு வாங்கி வருவாள். அதன் பின்பக்கத்தில் இடது கையால் எழுதப் பழகச் சொன்னாள். ஒற்றைக் கையால் எழுதுகிறவனுக்கு முதல் கஷ்டம் எழுத்தில் இல்லை. தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் தாள் பென்சிலோடு நகர்ந்துகொண்டே போகும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அக்கா எதிரில் உட்கார்ந்து அட்டையின் மூலையில் கையை ஊன்றிக்கொள்வாள்.

"என்ன கண்ணு, அகரம் குப்புற உழுந்து கெடக்குது? தூக்கி உடு, மூச்சு முட்டிப்போகும்."

சிரித்தேன். கை போன பிறகு நான் முதல் முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். எழுத்து வந்தது. எழுத்திலிருந்து சொல்லும் சொல்லிலிருந்து வாக்கியமும் வந்தன. சும்மா எழுதிப் பழகுவதற்காக ஆஸ்பத்திரியில் பார்த்த ஆட்களைப் பற்றி எழுதினேன். அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு சின்னக் கதைகள் பத்திரிகைகளில் வந்தன. கம்பெனியில் என்னை, ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள். போதாததற்கு, வேலை நேரத்தில் எழுதலாம் என்ற சலுகை வேறு.

அந்தச் சமயத்தில், தாளின் மேல் வைப்பதற்கென்று அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சொம்பு ஒன்றை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டேன். அக்காவைப் பற்றிய கதையை அந்தச் சொம்பை வைத்துத்தான் எழுதினேன். அவள் கையை ஊன்றி எதிரில் உட்கார்ந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

கதையில் ஒரு தம்பிக்கு மெஷினில் கை போகிறது. அக்கா அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அதுவரை நடந்ததுதான். நடந்ததை மட்டும் எழுதினால், ஒரு பெண் புண் கழுவினாள், சோறு ஊட்டினாள் என்று நாலு பக்கத்தில் முடிந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது. வாசகர்கள் அழ வேண்டும் என்றால் அவள் எதையாவது இழக்க வேண்டும். இழப்பதற்கு அவளிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதற்காக ஒரு காதலை உண்டாக்கி அவளுக்குக் கொடுத்தேன். பிறகு தம்பிக்காக அதை அவள் துறக்கும்படி செய்தேன். காதலனுக்கு ஆளைத் தேடி நான் தூரம் போகவில்லை. ஃபிட்டர் தெற்கத்திக்காரர், கல்யாணம் ஆகாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாழைப்பழச் சீப்போடு என்னைப் பார்க்க வருவார். வாசற்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அக்கா காப்பி கொண்டுவந்து வைப்பாள். அவ்வளவுதான். அவரையே கதையில் வைத்தேன். அக்காவின் முழங்கைக்கு மேலே இருந்த தீத்தழும்பைக்கூட விடவில்லை. அந்தத் தழும்பை அவன் தொட்டுப் பார்ப்பதாக ஒரு வரி எழுதினேன். நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன்.

கதை வந்த வாரத்தில் அக்காவுக்குப் பல்லடத்தில் ஒரு வரன் முடிகிற நிலையில் இருந்தது. நாலு தறி வைத்திருந்தவர், முதல் தாரம் இறந்தவர். வந்து பார்த்துப் பிடித்துப்போய், அடுத்த மாதம் நிச்சயம் என்று பேசியிருந்தார்கள். அக்கா என் சட்டைகளுக்கெல்லாம் பொத்தானை எடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் மாட்ட வசதியாகக் கொக்கி வைத்துத் தைக்கத் தொடங்கியிருந்தாள். தான் இல்லாத வீட்டில் நான் இருப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவளுடைய செக்கிங் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து கத்தரியால் பிசிறு வெட்டுவார்கள். மதியத்துக்கு மேல் ஒருத்தி பெட்டிமேல் உட்கார்ந்து வாரப் பத்திரிகையை உரக்க வாசிப்பாள். வாசிக்கிறவளின் பங்குப் பனியன்களை மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்வார்கள். வாசிக்கிறவள் எப்போதும் அக்காதான். ஆண் குரலுக்கு ஒரு மாதிரி, கிழவிக்கு ஒரு மாதிரி என்று ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாளாம். அந்த வாரம் பத்திரிகை வந்ததும், "எங்க தம்பி கதை" என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். முன்னாலேயே படித்துப் பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறாள்.

அங்கே நடந்ததை எங்கள் தெருவிலிருந்து அவளோடு வேலைக்குப் போன ஒரு பெண் பிறகு எனக்குச் சொன்னாள். "மொதல்ல கையி போறதுல எல்லாரும் அழுதுட்டோமுங்க. அப்புறம் அந்த ஃபிட்டர் வந்தாரு பாருங்க, ஒருத்தியும் கத்தரிய அசைக்கலீங்க. நாங்க அக்காவப் பாக்கறோம், அக்கா புஸ்தகத்தப் பாக்குது. தழும்பு வந்த எடத்துல ஒருத்தி, 'ஏனக்கா, இது உங்க கையில இருக்குதல்லோ?'ன்னே கேட்டுப்போட்டா. அக்கா நிறுத்தவே இல்லீங்க. கொரலுகூடக் கம்மல. கடைசி வரிக்கும் வாசிச்சுப்போட்டு எறங்கி, 'எம்பட பங்குப் பீஸையெல்லாம் திருப்பிக் குடுங்க'ன்னுச்சு."

நிறுத்தியிருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். வாசித்ததனாலும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் நம்பினார்கள். மறுநாள் முதல் பத்திரிகையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அக்காவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. "கதை படிச்சியாக்கா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"படிச்சேன். அது ஆரு கண்ணு?"

"கதைதானக்கா. கற்பனை."

"கற்பனைன்னா எம்பட தழும்பு எதுக்கு?"

உன்னைப் பெரியவளாகக் காட்டத்தான் அப்படி எழுதினேன் என்றேன். அவள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே, "அது இல்லாட்டி நான் சின்னவளா?" என்றாள்.

பத்து நாள் கழித்துப் பல்லடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். "பொண்ணு மேல நாங்க குத்தம் சொல்லலீங்க தம்பி. எங்க தறிக்கூடத்துலயும் அந்தப் புஸ்தகம் வருதுங்க. நாளைக்கு நாலு பேரு கேட்டா நாங்க என்னன்னு சொல்லறதுங்க?" என்றார். நான் கதை வேறு, வாழ்க்கை வேறு என்று என்னென்னவோ சொன்னேன். "கையி போனது நெசம்தானுங்களே" என்று என் முழங்கைப் பக்கம் பார்த்துவிட்டு எழுந்தார். உள்ளே அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிகாரம் என்று நினைத்து நான் செய்ததெல்லாம் குற்றத்தை வளர்த்தது. கதையில் வரும் காதல் கற்பனை என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். அது அச்சில் வந்ததும், கதையைப் படிக்காதவர்களும் தேடிப் படித்தார்கள். அடுத்ததாகச் செய்தது இன்னும் கேவலம். ஃபிட்டரின் அறைக்குப் போய் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சி, உருளைக்குள்ளேருந்து உங்களை இழுத்துப் போட்டேன். அதுக்கு என்னைத் தூக்கி உங்க கதைக்குள்ள போட்டுட்டீங்க. இப்ப முடிவையும் மாத்தி எழுதணும்னு வந்து நிக்கீங்க. ஊர்ல எனக்கு மாமன் மக இருக்கா. அவளும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவதான்."

அந்த மாதமே அவர் திருப்பூரை விட்டுப் போனார். போகும் முன் எங்கள் வாசலுக்கு வந்து, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாராம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா? நான் அறைக்குப் போன விஷயம் அப்படித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. ஆபீசிலிருந்து வந்த என்னை நிற்கவைத்துச் சொன்னாள்: "என்னையக் கேக்காமக் கதை எழுதுனீங்க. என்னையக் கேக்காம மாப்பிள்ளையும் கேட்டீங்க. இன்னும் என்னென்ன பாக்கி?" என்னை அவள் அதுவரை நீங்க என்று சொன்னதில்லை. கடைசி வரைக்கும் அப்படியே சொன்னாள். கண்ணு என்பது நின்றுபோனது.

வேறு வரன் வந்தது, விசாரித்தார்கள், போனார்கள். அவளுக்கு முப்பத்தைந்து ஆனதும் அதுவும் நின்றது. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. இருவரும் அதே வீட்டில் இருந்தோம். நேரத்துக்குச் சோறு வரும். சட்டைகளில் கொக்கி இருக்கும். புதுச் சட்டை எடுத்தாலும் மறுநாளே கொக்கி வைத்திருப்பாள். அந்தக் கதையால் எனக்குப் பெயர் வந்தது. புத்தகமாகப் போட்டபோது முதல் பக்கத்தில் 'என் அக்காவுக்கு' என்று போட்டேன். அவள் அந்தப் புத்தகத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையிலிருந்து, கை போன அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தரும்படி கேட்டார்கள். இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்தேன். கற்பனை ஒரு சொட்டும் இல்லாமல், அவள் செய்ததைச் செய்தபடியே நாற்பது பக்கம் எழுதினேன். ஆனால் இந்தத் தடவை தபாலில் சேர்க்கும் முன் அவளிடம் கொடுத்து, வேண்டாததை அடித்துவிடச் சொன்னேன். மூன்று நாள் வைத்திருந்தாள். அப்போது அவள் செக்கிங் பிரிவுக்கு மேஸ்திரியாகியிருந்தாள். ஓட்டை விழுந்த பனியனில் குறி போடும் நீலப் பென்சிலால், ஸ்கேல் வைத்து, தான் வருகிற ஒவ்வொரு வரியையும் அடித்திருந்தாள். கோபத்தில் கிறுக்கியது போல இல்லை, எல்லாம் நேர்க்கோடுகள். பதினொரு பக்கம் மிஞ்சியது. மெஷின் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, வலி இருந்தது, இடது கையால் நான் எழுதப் பழகியது இருந்தது. அவள் இல்லை.

"இதுல பொய் ஒண்ணும் இல்லையேக்கா?"

"இல்லீங்க. எல்லாம் நெசந்தான். ஆனா நான் வேண்டாங்க."

அப்படியே அனுப்பினேன். அச்சில் வந்தது. வாசகர் கடிதங்கள் வந்தன. மூலனூரிலிருந்து ஒருவர் கார்டில் எழுதியிருந்தார்: இவ்வளவு பெரிய துன்பத்தைத் தனியாகவே தாங்கியிருக்கிறீர்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள உங்களுக்கு ஒருவருமே இல்லையா என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"மரியாதையாக் கேட்டிருக்கறாங்க. பதிலு போடோணுமில்லீங்க."

"என்னன்னு போடறது?"

"ஆரும் இல்லைன்னு போடுங்க."

போட்டேன். அவள் இருந்தவரை அவளைப் பற்றி அவளைக் கேட்டு நான் எழுதியது அந்த ஒரு வரிதான். அது முழுப் பொய்.