எனக்கு முன்னால் போன டயர் தடம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேல இல்ல?" என்று எழுந்து போகிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், ஞாயிறு முதல் பூசையைத் தவறவிட மாட்டேன், அது வேறு. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை நம்பினதே கிடையாது. யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் இருப்பான், அவனுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று தேடுகிற புத்தி எனக்கு. அன்றைக்கும் அப்படித்தான் தேடினேன். அதனால்தான் இன்னும் பெரிய வம்பாகப் போனது. நீங்கள் நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், வீடு ராயபுரத்தில் மூன்றாவது மாடி. என் கூட்டாளி குமரேசன் காலடிப்பேட்டை. சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் மிரட்டியதில் சைக்கிள் வாங்கினோம், அதுவும் தார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிச் சலித்துப்போய், கிராவல் ரோடு, மண் ரோடு என்று தேடிப் போக ஆரம்பித்தோம். தடித்த டயர், கட்டை கட்டையாகப் பல் வைத்தது. எண்ணூரைத் தாண்டி முகத்துவாரப் பாலம் ஏறி இறங்கிவிட்டால் வடக்கே இன்னொரு ஊர். மணல் மேடும் பள்ளமுமாகச் சவுக்குத் தோப்பு, எந்தக் காலத்திலோ லாரி போவதற்காகக் கொட்டிய செம்மண் கிராவல், ஏறினால் கடல் தெரியும், இறங்கினால் மரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. மணலி புதுநகர், காசிமேடு என்று எங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்து இப்போது இருபது பேர் வருகிறார்கள், என் மகள் ரோஸியும் வருகிறாள்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஒரு வழியை எவன் முதலில் ஓட்டுகிறானோ அவன்தான் அந்த வழியில் மற்றவர்களை முன்னால் நின்று கூட்டிப்போவான். இரண்டாவது, ஈரத் தரையில் புதிதாக ஒரு டயர் தடம் இருந்தால் அதன் மேலேயே போக வேண்டும். ஒரு சக்கரத்தைத் தாங்கின தரை உன்னையும் தாங்கும், பக்கத்தில் போனால் சேறு இழுத்துவிடும். இந்த இரண்டாவது வழக்கம்தான் அன்றைக்கு எங்களைக் கொல்லப் பார்த்தது.

போனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தேன். தோப்புக்குள் நுழைந்து, மூன்று மேடு ஏறி இறங்கி, கழிவெளியின், அதாவது உப்புத்தண்ணீர்ச் சதுப்பின், கரை மேலேயே போகிற வழி. அடுத்த வாரம் ரோஸியும் மற்ற பிள்ளைகளும் அதில் வருவதாக இருந்தது. முன்னால் நான் போவேன், பின்னால் என் மகள் வருவாள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும் வைத்துவிட்டேன். அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் டோல்கேட் பக்கம் கண்ணாடிச் சில்லு ஏறி என் பின் டயர் கிழிந்தது. பஞ்சர் கடைக்காரர் மேலே ரப்பர் வைத்துச் சூட்டில் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டின இடத்தில் டயரின் பல் அழிந்து, வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைவாக ஒரு வழவழப்பு. வழக்கம்போல சைக்கிளைக் குமரேசன் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ராயபுரம் வந்துவிட்டேன். மூன்று மாடி யார் தூக்குவது?

மறுநாள் பூசை முடிந்து ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை போய், அங்கிருந்து கிளம்பினோம். ஐப்பசி மாதம். பாலம் தாண்டியதும் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. டீக்கடையில் ஒதுங்கினோம். இரண்டு சைக்கிளும் எங்கள் கண்ணெதிரே நனைந்துகொண்டு நின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மழை சுத்தமாக விட்ட பிறகுதான் ஏறினோம்.

தாரை விட்டு கிராவலில் இறங்கின இடத்திலேயே ஒரு தடம். ஒற்றை சைக்கிள், அப்போதுதான் போனது மாதிரி பளிச்சென்று.

குமரேசனுக்குச் சந்தோஷம். "யாரோ நமக்கு முன்னாடி பூட்டாங்க மாமு. தர கெட்டியாத்தான் கீது, வா" என்று அதன் மேலேயே விட்டான்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் அந்த வெட்டின நகம் மண்ணில் பதிந்திருந்தது. என் டயர். என் பின் டயரின் ஒட்டு.

எனக்கு வயிறு எரிந்தது, சொல்ல வெட்கமில்லை. ராத்திரி முழுக்க சைக்கிள் இவன் வீட்டில். விடியற்காலையில் என் சைக்கிளிலேயே வந்து, என் வழியை முதலில் ஓட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கூடவே வருகிறான். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் 'நான்தான் முதல்' என்பான், ரோஸி என் முகத்தைப் பார்ப்பாள். முதல் மேடு ஏறி இறங்குகிற வரை பொறுத்தேன்.

"குமரேசா, காலையில என் வண்டிய எடுத்தியா?"

"நான் இன்னாத்துக்கு உன் வண்டிய எடுக்கணும்?"

"கீழ பாரு. அது என் டயரு."

பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. மாட்டிக்கொண்டவன் முகம் என்றுதான் நான் நினைத்தேன்.

"எங்கம்மா மேல சத்தியமா எடுக்கல மாமு."

"பொய் சத்தியம் பண்ணாத. வயசான பொம்பள அவங்க."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான், இரண்டாவது மேடு, மூன்றாவது மேடு என்று என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான், அந்தத் தடத்தின் மேலேயே.

மூன்றாவது மேட்டு உச்சியில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நிறுத்தி வலது காலை ஊன்றினேன். ஊன்றும்போதே கீழே பார்க்கிறேன், அங்கே ஏற்கெனவே ஒரு ஷூ அச்சு. யார்டில் கொடுக்கிற சேஃப்டி ஷூ, குதிகாலில் வெளிப்பக்கம் தேய்ந்தது. என் நடை கொஞ்சம் சாய்மானம், என் ஷூ மட்டும்தான் அப்படித் தேயும். என் கால் அந்த அச்சுக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. ஓரம்கூடப் பிசகவில்லை. முந்தின ராத்திரி அந்த ஷூ ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் கிடந்தது.

அப்போதுதான் தரையை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் மழைத்துளி குத்தின பள்ளம், பொடிப் பொடியாக. தடத்துக்குள் மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் மழை விட்ட பிறகு ஓட்டியது. மழை விடும்போது என் சைக்கிள் டீக்கடையில் என் கண்முன்னால் நின்றது.

எப்படிக் கத்தினேன் என்று தெரியாது. "குமரேசா, நில்லு! நில்லுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தான். என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும், கோபத்தில் இருந்தவன் இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சறுக்கி விழுந்தான்.

விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான். நான் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் புல்மேல் இறங்கி ஓடினேன். வேலிகாத்தான் செடி மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் கரை இல்லை. மழை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கீழே உடைந்த கான்கிரீட்டும் துருப்பிடித்த கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. அந்தத் தடம் மட்டும் நிற்கவில்லை, திரும்பவில்லை, பிரேக் பிடித்த அடையாளம்கூட இல்லாமல் நேராக விளிம்பு வரை போய் அங்கேயே முடிந்திருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. போட்டோ எடுத்தாயா என்று கேட்காதீர்கள், போனை எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

குமரேசன் அந்தத் தடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உன் வண்டி மேட்டுமேலயே கெடக்குது. இது வரிக்கும் வந்த தடம் யாருது? நீயேதான சொன்ன, உன் டயருன்னு?"

"வண்டி உன் வூட்லதானடா இருந்திச்சு?"

"பூட்டு சாவி உன்கிட்டயும்தான் கீது. முன்னாடியே வந்து ஓட்டி வச்சியா? நான் இது மேலதான் வருவேன்னு உனக்குத் தெரியும்ல? எனக்குப் பசங்க கீதுங்க, மாமு."

அழுதுவிட்டான். நானும்தான். அவன் மேல் நான் வைத்த அதே சந்தேகம் அப்படியே திரும்பி என் மேல் வந்து உட்கார்ந்தது. மழைப் பள்ளத்தைச் சொன்னேன், ஷூ அச்சைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் பின்னால் நடக்கும்போது கவனித்ததை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். மேட்டிலிருந்து தார் ரோடு வரை என் டயர் தடம், ஒன்றின் மேலேயே ஓட்டியிருந்தாலும் கொஞ்சமாவது விலகி, இரண்டு கோடாக இருக்க வேண்டும், ஏற்கெனவே இருந்தது ஒன்று, நான் ஓட்டி வந்தது ஒன்று. குமரேசன் கோடு இருந்தது. வெட்டின நகம் பதிந்த கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஷூ அச்சும் ஒன்றுதான். நான் வந்த வழி முன்கூட்டியே எனக்காகப் போட்டு வைத்தது போலவும், நான் அதை நிரப்பிக்கொண்டு மட்டும் வந்தது போலவும் இருந்தது.

அந்த வழிக்குக் கூட்டத்தை அழைத்துப் போகவில்லை. ரோஸி ஏன் என்று கேட்டாள், கரை உடைந்திருக்கிறது என்றேன். அந்த டயரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். குமரேசன் பல மாதம் கழித்துத்தான் எங்களோடு ஓட்டத் திரும்ப வந்தான். பேசுகிறான், சிரிக்கிறான், டீ வாங்கித் தருகிறான். ஆனால் கிராவலில் இறங்கினதும் ஓரமாக நின்றுவிடுவான். "நீ முன்னாடி போ மாமு" என்பான், நான் போய்ப் பத்திரமாகத் தாண்டின பிறகுதான் அவன் சக்கரம் நகரும்.

நானும் போகிறேன், மேலே பார்ப்பதில்லை, மண்ணைத்தான் பார்க்கிறேன். தார் ரோட்டிலிருந்து மேடு வரை இருந்த தடத்தை அன்றைக்கே நான் ஓட்டி முடித்துவிட்டேன். மேட்டிலிருந்து விளிம்பு வரை போனதை இன்னும் ஓட்டவில்லை.