மாமரத்துக்குள் இருந்த வண்டு

நான்கு வருடங்களுக்கு முன், திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆனி மாதம், விடாத சாரல். காலையில் கிணற்றடியில் சுருண்டு விழுந்த அப்பா எழுந்திருக்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து முன்வராந்தாவில் கிடத்தினோம். நான் நர்ஸ். நானும் நாடி பார்த்துவிட்டேன்.

அம்மா மட்டும் நம்பவில்லை. அழவும் இல்லை. "அவரு மயங்கித்தான் கெடக்காரு. யாரும் குளிப்பாட்டக் கூடாது" என்று அப்பாவின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு ஆறுதல் சொல்ல, எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சிதைக்கு வீட்டு மாமரத்தை வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். முற்றத்து மாமரம் ஒரு பக்கம் பட்டுப்போய் உளுத்திருந்தது. பிளந்த துண்டுகளை நனையாமல் வராந்தா ஓரத்தில் அடுக்கினார்கள். ஒரு துண்டிலிருந்து பெரிய வண்டு ஒன்று அம்மாவின் முன்னால் மல்லாக்க விழுந்தது. கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"செத்துட்டு. எடுத்து வெளிய போடு" என்றார் சித்தப்பா.

சொல்லி வாய் மூடவில்லை, 'டக்'கென்று ஒரு சத்தம். வண்டு ஒரு சாண் உயரத்துக்குத் துள்ளி, நிமிர்ந்து காலூன்றி விழுந்தது. கட்டைவிரல் நீளம். மரப்பட்டையின் அதே சாம்பல் நிறம். கழுத்துப் பக்கம் கண்களைப் போல இரண்டு கரும்புள்ளிகள். உளுத்த மரத்துக்குள் புழுவாகக் கிடந்து வளர்கிற சொடுக்கு வண்டு அது. மெதுவாக நகர்ந்து விறகுக்குள் போய்விட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். "செத்துட்டுன்னு சொன்னியளே. மக்ளே, அவரையும் இன்னும் ஒருக்கா பாரு."

சித்தப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தில் விரல் வைத்தேன். மூக்கருகே கை வைத்தேன். பிறகு நெஞ்சில் காதை வைத்துப் படுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்த நானும் அந்த நேரத்தில் ஒரு சத்தத்தை எதிர்பார்த்தேன். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்ம்மா."

அம்மா பிடித்திருந்த கையை அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்த மாமரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க அம்மா இன்றுவரை விடவில்லை. "அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு வண்டு கெடக்கும்லா" என்பாள். வார்டில் யாராவது இறந்து, வீட்டார் நம்ப முடியாமல் நிற்கும்போது நான் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. அவர்கள் கண்முன்னாலேயே இன்னொரு தடவை நாடி பார்க்கிறேன். கையை விடுவதற்கு அவர்களுக்கு அவ்வளவு நேரமாவது வேண்டியிருக்கிறது.