உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத வீடு

இருபத்திரண்டு வயதுப் பெண் தனியாக வீடு கேட்டுப் போனால் கிராமத்தில் என்ன கேட்பார்கள்? "புருஷன் எங்க வேலை பாக்கறார்?" புருஷன் இல்லையென்றால், "அடடா, வீடு நேத்துதானே பேசி முடிச்சோம்!" இப்படி ஒன்பது வாசல் ஏறி இறங்கினாள். அவளுக்குப் பால் சேகரிப்பு நிலையத்தில் பாலைச் சோதித்துத் தரம் எழுதும் வேலை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் டெஸ்டர் பொண்ணு. பத்தாவது வாசலில்தான் மாட்டுத் தீவனம் விற்கிற தீவனக்காரம்மா வாய் திறந்தாள். "வீடு இல்லம்மா. பழைய கடை ஒண்ணு சும்மா கெடக்கு. இருந்துக்கறியா?"

தவிட்டு வாசம் போகாத ஒற்றை அறை. முன்னால் இரும்பு ஷட்டர். கடைக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்? பூட்டு வெளியேதான். ஆகவே ஓர் ஏற்பாடு. பொழுது சாய்ந்ததும் தீவனக்காரம்மா வெளியே பூட்டிவிட்டு, சாவியை ஷட்டருக்கு அடியில் உள்ளே தள்ளிவிடுவாள். காலை ஐந்தரைக்கு வந்து தட்டுவாள். இவள் சாவியை வெளியே தள்ளுவாள். சாவி உள்ளே, பூட்டு வெளியே. நல்ல கூத்து! ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம்தான். கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சொந்த ஊரில் தையல்காரரான அப்பா தினமும் போனில் கேட்பார். "உள்தாழ்ப்பாள் இருக்குல்ல?"

"ரெண்டு இருக்குப்பா."

புளுகுகிறவள் ஒன்றோடு நிறுத்தக் கூடாதா! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பேன், சரியில்லையென்றால் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு யாரும் தட்டவில்லை. ஐந்தே முக்காலுக்கும் தட்டவில்லை. போன் போட்டாள்; தீவனக்காரம்மா எடுக்கவில்லை. ஆறு மணிக்குப் பால் வந்துவிடும். சோதிக்க ஆள் இல்லையென்றால் அத்தனை கேனும் திரும்பிப் போகும், கூடவே அவள் வேலையும் போகும்.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. தீவனக்காரம்மாவின் நடை இல்லை. ஷட்டருக்கு வெளியே வந்து நின்றது. யாரோ பூட்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"யாரு?"

பூட்டை இழுத்து ஆட்டினார்கள். அவள் சாவியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் படுத்து, அடியிலிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகப் பார்த்தாள். பழுப்புச் செருப்பு. அறுந்த வாரைக் கறுப்பு நூலால், சட்டை தைப்பதுபோல் நெருக்கித் தைத்திருந்தது. அப்பா! மத்தியானம் வருவதாகச் சொன்னவர் விடியும்போதே வந்து நிற்கிறார்.

ஐயோ, இதற்குத் திருடனே தேவலை.

வேறு வழியில்லை. சாவியை வெளியே தள்ளினாள். ஷட்டர் மேலே ஏறியது. வெளியே பூட்டு, உள்ளே மகளின் குரல். அதைக் கேட்டுத்தான் மனிதர் பூட்டைப் பிடித்து அப்படி ஆட்டியிருக்கிறார். அவர் அவளைப் பார்க்காமல் ஷட்டரின் உள்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ரெண்டுன்னு சொன்னியே."

"பால் வந்துடும்ப்பா. போயிட்டு வந்து பேசறேன்."

"என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போ."

"என்னப்பா இது?"

"பூட்டுன்னா பூட்டு."

பூட்டிச் சாவியை உள்ளே தள்ளினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அம்மாடி..." அது அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. "இருக்கியா? போயிட்டியா?"

"இருக்கேன்ப்பா."

சாவி தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. கூடவே வந்த விரல்கள் அவள் காலைத் தேடித் தரையைத் தடவின.

திறந்தாள். வியர்த்துப்போய் நின்றார். "தினமும் இப்படியா?"

"பயமாத்தான்ப்பா இருக்கு. ஆனா வேலையை விட்டுட்டு வரமாட்டேன்." சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒன்பது மணிக்குத் திரும்பியபோது அப்பா கூட்டிவந்த வெல்டிங்காரர் ஷட்டரில் நெருப்புப் பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தார். பசு கன்று போடத் திணறியதால் விடியற்காலையிலிருந்து கொட்டகையில் மாட்டிக்கொண்டிருந்த தீவனக்காரம்மா பக்கத்தில் நின்று திட்டினாள். "கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே! வாயில்லாப் பூச்சியாடி நீ?"

இரண்டு தாழ்ப்பாள். அப்பா வெளியே போய் நின்றார். "போடு." போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார். "இன்னொண்ணையும் போடு." மறுபடி தூக்கினார். அசையவில்லை.

"சரி, நான் கிளம்பறேன். நான் பஸ் ஏறற வரைக்கும் திறக்காதே."

அவள் தரையில் படுத்து இடைவெளியில் பார்த்தாள். எதிரே இருந்த நிறுத்தத்துக்குப் பஸ் சக்கரம் வந்தது, நின்றது, போனது. கறுப்பு நூல் போட்ட செருப்பு வாசலைவிட்டு நகரவே இல்லை.