கோபமா? மலையைச் சுத்திட்டு வா!

போலீஸ் வேலையில் ஆள் ஓய்வு பெறுவார், விசில் ஓய்வு பெறாது. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எங்கள் திருவண்ணாமலையில் இருந்தவர் இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் ஐயா. அவர் ஸ்டேஷனில் நான் ரைட்டர், அதாவது புகார்களை எழுதுகிறவன். ஐயா போன மாதம் தவறிவிட்டார். படத்திறப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் மனைவி சரோஜா அம்மா முன்கூட்டியே போன் செய்துவிட்டார். “ரைட்டரு, எவனாவது சிங்கம், புலின்னு பேசினா நான் எழுந்து போயிடுவேன். ஒரு மாசமா எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வந்து போறாங்க. எனக்கு சிரிப்பே மறந்துடும் போல இருக்குது. நீயாவது சிரிக்க வை.”

முப்பது வருஷம் புகார் எழுதிய கை. சிரிப்பு எங்கே எழுதியது? வியர்க்க வியர்க்க உட்கார்ந்து யோசித்ததில் தேறியவை இவை.

ஆடு மேய்ந்த வழக்கு

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனும் மச்சானுமாக இரண்டு பேர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். மாமன் ஆடு மச்சானின் மணிலாக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், மேய்ந்துவிட்டது. சட்டை கிழியாத குறை. நான் பேனா மூடியைத் திறந்தேன். ஐயா மூடச் சொன்னார். “புகார் எங்கியும் ஓடிடாது. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் சேந்து மலைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. வந்தும் கோபம் இருந்தா ரைட்டர் எழுதுவாரு” என்றார்.

மலையைச் சுற்ற பதினாலு கிலோமீட்டர். அது சித்திரை வெயில் வேறு. நாலரை மணி நேரம் கழித்து இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்கள். மச்சான் பெஞ்சில் சாய்ந்தார். மாமன் அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்போ புகார் வேணாம் இல்லியா?” என்று கேட்டேன். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேணுங்க. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல, உங்க இன்ஸ்பெக்டர் மேல எழுதணும்.”

எதிர்த் திசையில் வந்த ஆசாமி

ஓய்வு பெற்ற மறுவாரமே பௌர்ணமி வந்தது. ஐயா காக்கி பேண்ட், வெள்ளை பனியன், கழுத்தில் விசிலோடு செங்கம் ரோட்டில் நின்றுவிட்டார். பணியில் இருந்த கான்ஸ்டபிள்கள் பாவம், அவருக்கு சல்யூட் அடிப்பதா, கூட்டத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார்கள். கிரிவலத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் எதிர்த் திசையில் வந்தார். ஐயா விட்டார் ஒரு விசில்.

கையைக் காலை ஆட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி, கிரிவலத்தின் மகிமையைச் சொல்லி, அவர் தோளைப் பிடித்துத் திருப்பியும் விட்டார். அந்த மனுஷர் பத்தடி பணிவாக நடந்து, திரும்பி வந்து கும்பிட்டார். பிறகு சுத்தமான தமிழில் சொன்னார்.

“ஐயா, நான் பால் வாங்கப் போறேன். கடை அதோ தெரியுது. நீங்க சொல்ற வழியில போனா பால் திரிஞ்சிடும்.”

பாயும் டீக்கடையும்

வேலை போனாலும் ஐயாவின் வைத்தியம் போகவில்லை. எங்கள் தெருவில் தையல்கடை சாதிக் பாய்க்கும் பக்கத்து டீக்கடை முருகேசனுக்கும் தகரப் பந்தல் தகராறு. மழை பெய்தால் டீக்கடைப் பந்தல் தண்ணீர் முழுக்க பாயின் தையல் மிஷின் மேல். விஷயம் ஐயா காதுக்குப் போனது. “நான் எதுக்குங்க மலைய சுத்தணும்?” என்றார் பாய். “நீ மலையப் பாக்காத பாய், ரோட்டப் பாத்து நட” என்றார் ஐயா. அவர்கள் ஏமாற்றிவிடக் கூடாதென்று தன் மொபெட்டில் பின்னாலேயே போனார்.

பாதி வழியில், அடி அண்ணாமலையில், மொபெட் பஞ்சர். பஞ்சர் ஒட்டிவிட்டு ஐயா ஊர் வந்து சேர்ந்தபோது பாயும் முருகேசனும் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார்கள்! ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாய் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

“கோவிச்சுக்காதீங்க. சமாதானம் அடி அண்ணாமலையிலயே ஆயிடுச்சு. மீதி எதுக்கு நடக்கணும், நீங்களே சொல்லுங்க?”

நிக்காஹ் வாழ்த்துரை

அந்தப் பாய் தன் மகள் கல்யாணத்தில் ஐயாவை வாழ்த்திப் பேச அழைத்தார். அது தப்பு. “மேற்படி மணமகனும் மேற்படி மணமகளும் இன்று பகல் சுமார் பதினோரு மணியளவில், தக்க சாட்சிகள் முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றி...” என்று ஆரம்பித்து, மண்டபத்தின் நாலு எல்லைகளையும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. “எனவே இவர்கள் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று அவர் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை மெதுவாக மைக்கை வாங்கினார்.

“ஐயா, சம்பவ இடத்துல பிரியாணி ஆறுது.”

படத்திறப்பு

எனக்கு முன்னால் பேசியவர் ஐயாவைச் சிங்கம் என்றார். அம்மா கைப்பையை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். ஆட்டுக்கு மண்டபம் சிரித்தது. பாலுக்கு விழுந்து விழுந்து சிரித்தது. பிரியாணிக்கு சாதிக் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரக்கு தீர்ந்துபோன பதற்றத்தில், “ஊரையே நடக்க வெச்சாரு, ஆனா அவரு மட்டும் மொபெட்லதான் வந்தாரு” என்று உளறிவிட்டேன்.

அம்மா எழுந்தார். போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து மைக்கைப் பிடுங்கினார். பேச வாயைத் திறந்தவர், பேச முடியாமல் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, ஒரு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

“பொய் சொல்லாத ரைட்டரு, அவரும் நடந்தாரு. கல்யாணமான நாள்லேர்ந்து எங்களுக்குள்ள எப்ப சண்டை வந்தாலும் செருப்பக் கழட்டிட்டு, ‘வா சரோஜா’ன்னு கூப்பிடுவாரு. எனக்கு பக்தி ஜாஸ்தின்னு இந்த ஊரே சொல்லுது. பக்தி கம்மிதான், அத்தனையும் சண்டை!”

அதிலிருந்து, கிரிவலம் போகும் புருஷன் பெண்டாட்டி யாரைப் பார்த்தாலும், கும்பிடுவதற்கு முன்னால் என் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.