கழுவித் திரும்பிய தட்டு

இந்த வெள்ளைக்கார நாட்டில் ஒரு வீட்டுக்குச் சீனி கொடுத்தால் அது திரும்பி வந்துவிடும் என்பதைப் போன கிழமைதான் அறிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு டோரதி தனியாக இருக்கிற வயதான மனுசி. யேசு பிறந்த நத்தாருக்கு முந்தின நாள் ஒரு தட்டில் மின்ஸ் பை என்கிற பலகாரங்களைக் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினேன். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். அப்படியே சீனி நிரப்பிக் கொண்டுபோனேன். டோரதி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் எப்போது எனக்குச் சீனி தந்தது என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு ஓடுகிற என் ஆங்கிலம் அந்த வாசற்படியில் ஓடவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அந்தச் சீனி முழுவதும் ஒரு காகிதப் பையில் என் கைக்கு வந்தது. தன்னிடம் போதியளவு இருக்கிறது, மிக்க நன்றி என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். ஒருவருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். சீ, சீனிக்காக யாராவது அழுவார்களா? எனக்கு அழுகை வந்தது.

திருகோணமலையில் என் அப்பா கடற்படைத் தளத்தில் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் ஃபிட்டராக இருந்தவர். வெள்ளைக்காரர் தளத்தை எங்கள் அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய வருடம் அவருடைய வேலையும் போனது. அவரைப்போல வேலை இழந்தவர்கள் பழக்கதோஷத்தில் காலையில் எழும்பி, டொக்யாட் வாசல் கேற்றடி வரை போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். அப்பாவும் போய் நின்றார். அந்த வருடத்தின் கடைசி ஞாயிறு எங்கள் போதகர் அந்தக் கேற்றைப் பற்றியே பிரசங்கம் செய்தார். கர்த்தர் கைகளைத் தந்தது கட்டிக்கொண்டு நிற்பதற்கல்ல என்றார். பிறக்கப்போகிற வருடத்தில் இன்னொருவர் வந்து திறந்துவிடுவார் என்று காத்து நிற்காதேயுங்கள், உழைத்துச் சாப்பிடுங்கள், ஒருவருக்கும் பாரமாக இராதேயுங்கள் என்றார். கேட்டவர்கள் பலர் வாசலைத் தாண்டுமுன் மறந்துபோனார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே வேலை ஆயுதப்பெட்டியைத் திறந்து துருத் துடைக்கத் தொடங்கினார்.

அந்தப் பிரசங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. மீன்பிடி வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டத் தொடங்கிய காலம் அது. உட்துறைமுகக் கரையில் நாலு கம்பும் தகரமும் வைத்து அப்பா ஒரு கொட்டில் போட்டார். முதல் மாதங்களில் ஈயோட்டினார். பிறகு சாம்பல்தீவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் மீனவர்கள் பழுதான இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கப்பலேறியதும் இங்கே தாதியாகப் படித்ததும் அந்தக் கொட்டிலின் புண்ணியம். ஆனால் பிரசங்கத்தை அப்பா கொட்டிலோடு நிறுத்தவில்லை. அடுப்பெரிகிற குசினி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து வளவில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாவை அக்கா என்று கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்கு இந்த உலகத்தில் சிநேகிதி என்று சொல்ல அவ ஒருத்திதான். இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பொட்டு ஒன்று, ஒரு திறப்பு, இருந்தது. அம்மாவும் லாத்தாவும் அந்தப் பொட்டடியில் நின்று கதைத்தே பாதி நாளைக் கழிப்பார்கள். நத்தாருக்கு எங்கள் தட்டு அங்கே போகும், பெருநாளைக்கு அவர்களுடைய தட்டு இங்கே வரும். வேலை போன அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. அடுத்து வந்த நோன்புப் பெருநாளன்று லாத்தா வட்டிலப்ப இனிப்புத் தட்டும் கையுமாகப் பொட்டால் நுழைந்து வந்தா. அப்பா குறுக்கே போய் நின்றார்.

"லாத்தா, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்குத் திருப்பித் தர ஏலாத காலம். வாங்கேலாது."

"திருப்பித் தாங்க எண்டு ஆரு கேட்ட, தம்பி?"

அப்பா மரியாதையாகச் சிரித்தார், ஆனால் வழி விடவில்லை. அம்மா குசினி வாசலில் நின்றவ. லாத்தா தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வந்த வழியே குனிந்து போனா. அடுத்த முறை லாத்தா வீட்டார் வேலி அடைத்தபோது பொட்டு விடவில்லை. சண்டையா என்று கேட்டால், இல்லை. றோட்டில் கண்டால் சுகம் விசாரித்துக்கொண்டுதான் போவார்கள்.

அடுத்த நத்தாருக்கு அப்பாவின் கையில் காசு ஓடத் தொடங்கிவிட்டது. அம்மா ரவைக் கேக் போட்டு, கருகாத நடுத்துண்டுகளாகப் பார்த்து அடுக்கி, றோட்டால் சுற்றிக்கொண்டு போய் லாத்தாவிடம் கொடுத்தா. லாத்தா வாங்கினா. மறுநாள் வாசல் படலையடிக்கு வந்து, கேக் நல்லா இருந்தது என்று சொல்லித் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனா. தட்டில் ஒன்றுமில்லை. சீனிகூட இல்லை. கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று அப்பா போட்ட சட்டத்தை அப்பாவின் வீட்டுக்கே திருப்பித் தந்துவிட்டா. இந்தத் தட்டு விஷயங்கள் ஆம்பிளைகளுக்கு எங்கே தெரியும்? அப்பா சந்தோசமாக, "பாத்தியே, எவ்வளவு துப்புரவாக் கழுவித் தந்திருக்கிறா" என்றார்.

"ஓம், துப்புரவாத்தான் கழுவிப்போட்டா" என்றா அம்மா.

பிறகு லாத்தா குடும்பம் கிண்ணியாவுக்கே போய்விட்டது. எங்கள் வீட்டிலிருந்து அது பெரிய தூரமில்லை, பஸ்ஸில் போய் ஃபெறிப் படகில் கடந்தால் கிண்ணியா. அம்மா ஒருநாளும் போகவில்லை. நான் இங்கே படித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தண்ணீரைக் கடக்காமலே செத்துப்போனா.

கடைசியாக நான் ஊருக்குப் போனதும் ஒரு வருட முடிவில்தான். அப்பா தனியாக இருந்தார். தானே சமைத்தார், குடித்த கோப்பையைக்கூட என்னைக் கழுவ விடவில்லை. ஊரில் எல்லோரும் அவரை உதாரணம் காட்டினார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள், தானாகவே, கிண்ணியாவுக்குப் போவோமா என்று கேட்டார். கடையில் கேக் வாங்கிக்கொண்டு போனோம். ஃபெறி வந்தது, சனம் ஏறியது. அப்பா கேக் பெட்டியைப் பிடித்தபடி கரையிலேயே நின்றார்.

"போய் என்னெண்டு சொல்லுறது பிள்ளை? வாங்காமல் விட்டது நான். கொம்மாவும் இல்லை." பிறகு, "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

எந்த வேலையையும் நாளைக்கென்று தள்ளி வைக்காத மனுசன் தள்ளி வைத்தது அந்த ஒன்றைத்தான். அடுத்த வருடத்துக்கு அவர் இருக்கவில்லை. லாத்தா இருக்கிறாவோ என்று கேட்டு எழுத எனக்கு அங்கே யாருமில்லை.

புலம்பெயர்ந்து வந்த நாங்களெல்லோரும் உழைப்பாளிகள்தான், அதில் குறைவில்லை. அப்பா கனவில் கண்ட நாடு இதுதான் என்று சில வேளை நினைப்பேன். ஒவ்வொருவரும் தன் காலில் நிற்கிற, ஒருவருக்கும் பாரமில்லாத, சீனி திரும்பி வருகிற நாடு.

இன்று வருடத்தின் கடைசி நாள். டோரதி திருப்பித் தந்த சீனியில் ரவைக் கேக் போட்டேன். ஏனோ தெரியாது, இரண்டு தட்டுகளில் நடுத்துண்டுகளாக அடுக்கினேன். ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். டோரதி கேக்கைப் பார்த்து ஆசைப்பட்டதும் தெரிந்தது, கையை இழுத்துக்கொண்டதும் தெரிந்தது. திருப்பித் தர வீட்டில் ஒன்றுமில்லையே என்றார். ஆங்கிலத்தில் ஒரு மறுமொழி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"திருப்பித் தாங்க எண்டு ஆரு கேட்ட?"

டோரதிக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

வீட்டுக்கு வந்தேன். மற்றத் தட்டு மேசையில் இருக்கிறது, லாத்தாவின் தட்டு.