நோகாத கால்

பொழியூரில் கடல் எங்கள் வீட்டின் அடுக்களையைக் கொண்டுபோன மழைக்காலத்துக்குப் பிறகு, ஆரியங்கோட்டில் என் அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். இளவயது முதல் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போன மனிதர் என் கணவர். ரப்பர் மரங்களுக்கு நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். முன்பே இருந்த சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வெயிலும் காற்றும் மேலே படும்படி தினமும் நடக்கச் சொன்னார் நெய்யாற்றின்கரை டாக்டர்.

"எங்கோட்டு நடக்க? நாலு பக்கமும் மரமாக்கும்" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுந்தார்.

சிலுவை நட்ட குருசுமலை உச்சியில் நின்றால் பனிமூட்டம் இல்லாத காலையில் கடல் தெரியும் என்று கோயிலில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போனவர் வேறொரு முகத்தோடு திரும்பி வந்தார்.

"எடி, கடலு தெரியுது. ஒரு கோடு போல உண்டு."

அதன்பிறகு வாரத்தில் பாதி நாள் மலைதான். முதலில் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியவர், போகப்போக நிற்காமல் ஏறினார். உடம்பு கறுத்தது, வயிறு வற்றியது. படுத்ததும் தூங்கினார். டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். அவர் விரல் நீட்டிய திசையில் எனக்கு வெளுத்த வானம்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் விரலை மடக்கவே இல்லை.

பஸ்ஸில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சிரித்தோம். அதுவும் சர்க்கரையின் வேலை என்று எங்களுக்கு யார் சொல்ல?

கூட்டம் கூட்டமாக வெறுங்காலோடு மலை ஏறும் தவக்காலம் வந்தது. சர்க்கரை இறங்கியதற்கு நன்றியாக ஒருமுறை வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டார். விடியலில் போவதாகத்தான் இருந்தது. அன்று காலை எங்கள் பங்குக் கோயிலில் ஒரு சாவு அடக்கம். அது முடிந்து அவர் மலையடிவாரம் சேர்ந்தபோது உச்சிவெயில் ஏறிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து சந்தோஷமாகக் கட்டன்சாயா கேட்டார். சிமென்ட் தரையில் வாசலிலிருந்து ஈரத் தடங்கள். கால் கழுவியதாக நினைத்துத் துடைக்கக் குனிந்தேன். துணி ஒட்டியது.

"காலைக் காட்டுங்க."

உள்ளங்கால் தோல் வெந்து கிளம்பியிருந்தது. ஓரிடத்தில் சிவந்த சதை தெரிந்தது.

"நோவு இல்லியா?"

"இல்லியே" என்றவர், குனிந்து தானும் பார்த்தார். அப்புறம் சாயாவைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார்: "பாறையில எல்லாவனும் துள்ளித் துள்ளிப் போனான். நான் நேரே நடந்தேன். எனக்கு மட்டும் கர்த்தர் நோவு தரல்லண்ணு நெனச்சேன்."

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிக் காலில் ஊசியால் குத்தினார். இவரோ, "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டார். சர்க்கரை காலின் நரம்புகளை முன்பே கொன்றுவிட்டது, சுட்டால் காலைத் தூக்கச் சொல்ல அங்கே எதுவும் இல்லை என்றார் டாக்டர். மலை ஏறியதைக் குறை சொல்லவில்லை. நெஞ்சு நல்ல உறுதியாக இருக்கிறது, அதனால் ஆபரேஷனைத் தாங்குவார் என்றார்.

தாங்கினார். முதலில் விரல்களை எடுத்தார்கள். புண் பழுப்பது நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது மறுபடியும் நாற்காலி. சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறிவிட்டது, ஊசி போடுகிறோம். பஸ் போகும் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மிச்சமுள்ள காலைத் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார், நான் விரல் விரலாகத் தொட்டுக் கேட்பேன். நேற்று கையில் துணியோடு எதிரே உட்கார்ந்தேன்.

"தெரியுதா?"

"உண்டு, உண்டு. நல்லாத் தெரியுது" என்றார்.

நான் இன்னும் தொட்டிருக்கவில்லை. விரலிடுக்குகளைத் துடைத்து முடித்தேன்.