ஃபியூஸில் சுற்றிய வெள்ளித்தாள்

போன மாதம் சுங்கை பினாங் மண்டபத்துக்கு வந்து எங்கள் குட்டி ரயில்களைப் பார்த்த வாசகர்களே, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்று ரயில் பாதியில் நின்றதும் புகை வந்ததும் உங்களுக்குத் தெரியும். “டிரான்ஸ்ஃபார்மர் பழுது” என்று மைக்கில் அறிவித்தவன் நான்தான்.

அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

எங்கள் ரயில் கிளப்பில் ஐந்து பேர். காசிமின் துணிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். பட்டர்வொர்த் ஸ்டேஷனை மேஜை மேல் கட்டியிருக்கிறோம் — பிளாட்பாரம், பாலம், படகுத்துறை எல்லாம் உண்டு. நாங்கள் நால்வரும் அட்டை வெட்டுவோம், பெயின்ட் அடிப்போம். கரண்ட் விஷயம் முழுக்க தேவகியின் பொறுப்பு.

தேவகிக்கு பாயான் பாருவில் வீடு. பக்கத்துத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாக டெஸ்டிங் டெக்னீஷியன். அங்கே தயாராகும் பவர் சப்ளை பெட்டிகள் நல்லதா கெட்டதா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. வீட்டுக் கரண்டைப் பதினாறு வோல்ட்டாகக் குறைத்து எங்கள் தண்டவாளத்துக்கு அனுப்பும் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை அவரே கட்டினார். பக்கத்தில் ஒரு ஃபியூஸ் பெட்டியும் வைத்தார்.

மண்டபத்தில் அன்று மதியம் சாப்பிடக் கிளம்பும்போது தேவகி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

“அண்ணே, ரெண்டு ரயிலு மட்டும்தான். மூணாவது வேணாம்லா, டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மேல துணி கிணி போட்டு மூடிறாதீங்க. சூடு வெளிய போகணும்.”

“சரிம்மா. நான் ஜாகா பண்ணிக்கிறேன். நீ போய் சாப்பிடு.”

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்!

அவர் போன பத்தாவது நிமிடம் ஒரு குடும்பம் வந்தது. “சார், பத்திரிகையில நீங்க எழுதுற பத்தியப் படிச்சுட்டு ஈப்போவிலேர்ந்து வர்றோம்” என்றார் அந்த அம்மாள். இதைக் கேட்ட பிறகு ஒரு மனுஷனுக்கு இரண்டு ரயில் போதுமா? மூன்றாவதை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். ஸ்டேஷன் விளக்குகளையும் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி அசிங்கமாகத் தெரிகிறதே என்று மேஜை விரிப்பை இழுத்து அதன் மேல் விட்டேன்.

மூன்றும் ஓடின. பிறகு... எல்லாம் நின்றது.

ஃபியூஸ் போயிருந்தது. மாற்று ஃபியூஸ் தேவகியின் பையில். பை தேவகியோடு. போன் செய்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மூன்று ரயில் விட்டதைச் சொல்ல வேண்டுமே? ஈப்போ குடும்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. என் சட்டைப் பையில் ஒரு சாக்லேட் இருந்தது. அதன் வெள்ளித்தாளை உரித்து, நாலாக மடித்து, போன ஃபியூஸைச் சுற்றி அதே இடத்தில் செருகினேன்.

ரயில் ஓடியது. கை தட்டினார்கள். நான் லேசாகத் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளின் — காயிலின் — வார்னிஷ் கருகும் நாற்றம். விரிப்புக்கு அடியிலிருந்து புகை. காசிம் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். விரிப்பில் உள்ளங்கை அளவுக்குக் கருகல். மேஜையை ஒட்டி முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள்.

இதுவரை செய்தது முட்டாள்தனம். அடுத்து செய்தது அதுவல்ல. மற்றவர்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போன நேரத்தில், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, வெள்ளித்தாளை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புகையைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்க எனக்குத் தோன்றவில்லை. தாளை உருவ மட்டும் தோன்றியது!

தேவகி மூச்சு வாங்க ஓடி வந்தார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“ஃபியூஸ் போயிருக்கு. அப்புறம் எப்படி காயில் எரிஞ்சிச்சு?” என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “மூணு ரயிலு விட்டீங்களாண்ணே?”

“ஆமாம்மா... கொஞ்ச நேரம்.”

“பரவால்லண்ணே. யாராச்சும் கூடுதலா ரயிலு விட்டுருவாங்கன்னுதானே ஃபியூஸ் வைக்கிறோம். அது நிப்பாட்டலன்னா தப்பு என் மேலதான்.”

வாசலில் நின்ற ஒவ்வொரு பெற்றோரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். நான் கையில் மைக்கோடு உள்ளேயே நின்றேன்.

அதன்பிறகு தேவகி ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. மூன்றாவது வாரம் காசிம்தான் சொன்னார்.

“தேவகி டெஸ்டிங் வேலை வேணாங்குதுண்ணே. பேக்கிங் பக்கம் மாத்துங்கன்னு நாளைக்கு லெட்டர் குடுக்கப் போவுதாம்.”

“ஏன்?”

“பிள்ளைங்க நின்ன எடத்துல என் பொருளு எரிஞ்சிருச்சு, இனிமே நான் எதுக்கு முத்திரை குத்தணும்னு கேக்குது. பாவம்லா.”

வைத்த தேநீரை அப்படியே விட்டுவிட்டு பாயான் பாருவுக்குக் காரை எடுத்தேன். வழியில் இரண்டு முறை, திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

தேவகியின் சாப்பாட்டு மேஜையில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் மீட்டர், நோட்டுப் புத்தகம்.

“வாங்கண்ணே. நீங்களே பாருங்க. வயர்ல நடுவுல ஒரு பல்பு மாட்டி கரண்ட் குடுத்தேன். பல்பு முழுசா எரியுது. அப்ப காயில் உள்ளுக்குள்ளயே உருகி ஒட்டிக்கிச்சு, அது தெரிஞ்சு போச்சு. ஆனா ஃபியூஸைத் தாண்டி கரண்ட் எப்படிப் போச்சு? அதே மாதிரி ஏழு ஃபியூஸ் வாங்கி, லோடு ஏத்திப் பார்த்தேன். ஏழும் போக வேண்டிய நேரத்துல கரெக்டா போவுது.”

“தேவகி... நான் வெள்ளித்தாள் சுத்தினேன்.”

“எதுல?”

“ஃபியூஸ்ல. நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்.”

தேவகி கண்ணை மூடினார். நீளமாக ஒரு மூச்சு வந்தது. “அப்ப என் வயரிங் சரிதான்” என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டில் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

“மூணு வாரம்ணே. வேலை முடிஞ்சு வந்து தினம் இது முன்னாடி உக்காந்திருந்தேன். எதையோ பார்க்காம விட்டுட்டேனோ, பார்வை போயிருச்சோன்னு கண் டாக்டர்கிட்ட வேற போனேன். நீங்க ரெண்டு தடவ போன் பண்ணீங்க. ‘ஒடம்பு எப்படிம்மா இருக்கு’ன்னு கேட்டீங்க.”

ஆமாம். கேட்டேன். அக்கறையாகவே கேட்டேன்.

“மன்னிச்சிரும்மா.”

“இப்ப வேணாம்ணே. இப்ப நான் கோவமா இருக்கேன். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மைக்ல சொன்னீங்கல்ல? அந்த ஜனங்களுக்கும் சொல்லணும்.”

லெட்டர் போகவில்லை. அந்த ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் சொன்னேன். யாரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. காசிம் மட்டும், “பிள்ளைங்க நின்னாங்கண்ணே” என்றார். அவ்வளவுதான்.

ஈப்போ குடும்பமும் அன்று வந்திருந்த மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தியவன் நான். மன்னிப்புக் கேட்டவர் தேவகி. இரண்டும் மாறிப் போயிருந்தன. இப்போது சரி செய்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் தேவகியிடம் கேட்டேன், “உன் பேரை மாத்திப் போடட்டுமாம்மா?”

“எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணேன்?”

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. தேவகிதான் கட்டினார். சூடு ஏறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றைக் காயிலோடு ஒட்டி வைத்திருக்கிறார். ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்.

எல்லோரிடமும் ஆளுக்கொரு சாவி இருக்கிறது — என்னைத் தவிர.